லமை அக்காவின் படகுகள்

உங்கள் கேன்டீன் மீன் குழம்பில் புளிப்பு போதவில்லை, மேடம். குறை சொல்வதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். காவலில் இருப்பவனுக்குச் சுடச்சுடச் சோறு போடுவதே பெரிய காரியம். ஆனால் எங்கள் தெற்குக் கடற்கரையில் மஞ்சளும் காரமும் புளிப்பும் சேர்ந்து கண்ணில் நீர் வரவழைத்தால்தான் அதற்குக் குழம்பு என்று பெயர். லமை அக்கா வைத்தால் தெருமுனை வரைக்கும் மணக்கும். இத்தனைக்கும் அவர் பிறந்தது வடகிழக்கில், கடல் காற்றே படாத நெல்வயல் ஊரில். எங்கள் வீட்டில் சமையலுக்குச் சேர்ந்த பிறகுதான் கடல் மீனைக் கழுவவே கற்றுக்கொண்டார்.

நேற்றிலிருந்து ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள். அந்தப் படகுக் கம்பெனியின் உண்மையான முதலாளி யார்? பதில் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், துறைமுகத்தில் வாழைப்பழம் வறுத்து விற்கிறவளுக்கும் தெரியும். என் வாயால் வரவேண்டும் என்று காத்திருக்கிறீர்கள். நியாயம்தான். முதலிலிருந்து சொல்கிறேன். தட்டச்சு செய்பவரை அவசரப்படாமல் எழுதச் சொல்லுங்கள்.

என் பெயர் சோம்போப். துறைமுக அலுவலகத்தில் படகுப் பரிசோதகர். ஒரு படகு ஆட்களை ஏற்றிக்கொண்டு கடலில் இறங்கலாமா கூடாதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அந்தக் கையெழுத்தைப் போடுகிறவன் படகு வைத்துத் தொழில் செய்யக் கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு நானே அதை விளக்கிச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். நங்கூரத்துக்கும் தூண்டிலுக்கும் வித்தியாசம் தெரியாதவன் எல்லாம் பயணிகள் படகு வாங்கி வீடு கட்டிக்கொண்டான். அவர்களுடைய படகுகளில் ஓட்டை எங்கே, ஒழுகல் எங்கே என்று காட்டிக் கொடுத்தவன் நான். எனக்கு மிஞ்சியது மாதச் சம்பளமும் முதுகுவலியும். பிள்ளைகள் பாங்காக்கில் படித்தார்கள், அவர்களுக்குத் துணையாக மனைவியும் அங்கேயே இருந்தாள். யாருக்கும் கெடுதல் இல்லாமல் நானும் கொஞ்சம் நன்றாக இருக்கலாம் என்று நினைத்தேன். அதில் பெரிய பேராசை எதுவும் இருந்ததாக எனக்கு அப்போது தோன்றவில்லை.

பெயர் ஒன்று வேண்டியிருந்தது. ஒரு நாள் சமையலறைக்குப் போனேன். அக்கா கணவாய் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

"அக்கா, உங்க பேர்ல ஒரு கம்பெனி ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்."

"என் பேர்லயா? என் பேர்ல ஒரு சைக்கிள்கூடக் கெடையாதே, முதலாளி."

"பேர் மட்டுந்தான் உங்களுது. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"இந்தப் பேர வெச்சிக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்? வேணும்னா எடுத்துக்குங்க."

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். விரலிடுக்கில் ஒட்டியிருந்த கணவாய் மை ஒரு தாளின் ஓரத்தில் பட்டுவிட்டது. அதற்காக அன்று முழுவதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். கையெழுத்தைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்படித்தான் அவர் இரண்டு பெரிய படகுகளுக்கும் ஒரு சின்ன மரப்படகுக்கும் முதலாளி ஆனார். பெரிய படகுகளில் போகும் பயணிகளுக்கு மதியச் சோற்றுப் பொட்டலமும் அவரே கட்டினார். ஆட்களுக்குச் சம்பளத்தை அவர் கையால் கொடுக்க வைத்தேன். கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும், "முதலாளி குடுக்கச் சொன்னாரு" என்று சொல்லியே கொடுப்பார். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன், அந்த வாய் திருந்தவில்லை. ஊருக்கே விஷயம் தெரியும். ஆனால் எங்கள் ஊரில் ஒருவருடைய விஷயத்தை இன்னொருவர் முகத்துக்கு நேரே எடுப்பது மரியாதை இல்லை. ஊர் வாய் திறக்காதவரை நான் பத்திரம் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

படகுகளில் பெரியது 'சாய்தோங்'. அதன் கூரைமேல் இருக்கை போட்டால் இன்னும் கொஞ்சம் பேரை ஏற்றலாம் என்று யோசனை வந்தது எனக்குத்தான். படகோட்டி தேச்சா முணுமுணுத்தான்.

"மேல பாரம் ஏறுது, முதலாளி. லேசா அலை வந்தாலே குடிகாரன் மாதிரி ஆடுது."

"பரிசோதனை பண்றது நீயா நானா?"

"நீங்கதான்."

"அப்ப சரியா இருக்குன்னு நான் சொன்னா?"

"சரியாத்தான் இருக்கும்," என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

மேடம், வேறு எவனுடைய படகாக இருந்தாலும் அந்தக் கூரை இருக்கைக்கு நான் அனுமதி கொடுத்திருக்க மாட்டேன். அந்த மாதிரிக் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சாய்தோங்குக்குக் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது தடவை யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

மழைக்காலம் முடியும் தறுவாயில் அது கவிழ்ந்தது. அன்று ஏறியவர்கள் வடகிழக்கிலிருந்து பஸ் பிடித்து வந்த விவசாயக் குடும்பங்கள். பாதிப் பேர் அதற்கு முன் கடலைப் பார்த்ததே இல்லை. கூரைமேல் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று போட்டி போட்டுக்கொண்டு ஏறினார்கள். அக்கா சோற்றுப் பொட்டலங்களோடு துறைமுகத்துக்குப் போயிருந்தார். அவர்கள் பேச்சைக் கேட்டதும் தன் ஊர்ப்பக்கம் என்று தெரிந்து அவருக்கு ஒரே பூரிப்பு. ஒரு கிழவர் கடல் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "நெசமாவே உப்புத்தான்டி!" என்று தன் மனைவியிடம் சொன்னாராம். அதை அக்கா வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் போன் வந்துவிட்டது. பதினான்கு பேர் போனார்கள். அந்தக் கிழவர் போனார், அவர் மனைவி பிழைத்தாள். தேச்சாவும் போனான்.

நான் முதலில் அழுதேன். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு அக்காவை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன்.

ஊர்ப் போலீஸுக்கு வேலை சுலபமாக இருந்தது. கம்பெனி யார் பெயரில்? லமை. பிடி. அக்காவும் கேட்டவர்களிடமெல்லாம், "நாந்தாங்க முதலாளி" என்று கைகூப்பினார். நான் வேறொருவர் மூலமாக ஜாமீன் எடுத்தேன். எல்லாம் அடங்கிவிடும் போல்தான் இருந்தது. அப்போதுதான் பாங்காக்கிலிருந்து நீங்கள் வந்தீர்கள், புஸரின் மேடம்.

உங்களைப் பாராட்டத்தான் வேண்டும். நீங்கள் முதலாளி யார் என்று யாரையும் கேட்கவே இல்லை. எஞ்சின் ரிப்பேர் ஆனால் யாருக்குப் போன் போகும் என்று கேட்டீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் படகை நிறுத்தச் சொல்வது யார் என்று கேட்டீர்கள். டீசல் கடைக்காரனிடம் போய்ப் பாக்கி கேட்க எந்த வீட்டுக் கதவைத் தட்டுவாய் என்று கேட்டீர்கள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு என் தெருவைக் காட்டினான். பிறகு, அந்தத் தெருவில் வேறு யார் வீட்டையோ சொன்னதாக மழுப்பினான்.

அக்காவையும் வந்து பார்த்தீர்கள். அவர் முன்பு எங்கள் வீட்டில் வேலை செய்தவர், நிலம் விற்ற காசில் தொழில் தொடங்கியவர், இப்போது என் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருப்பவர். இதுதான் நான் சொல்லிக் கொடுத்த கதை. என்னைத் 'தம்பி' என்று கூப்பிடவும் பழக்கியிருந்தேன்.

"ரெண்டு பெரிய படகுக்குச் சொந்தக்காரங்க நீங்க. வீட்டுக்காரர் பாத்திரத்த எதுக்கும்மா தேய்க்கறீங்க?" என்று கேட்டீர்கள்.

"சும்மா உக்காந்தா இடுப்பு புடிச்சுக்குதும்மா. தம்பியும் பாவம், தனியா இருக்காரு," என்றார் அக்கா. எஞ்சின் என்ன கம்பெனி என்று கேட்டதற்கும் பிசகாமல் பதில் சொன்னார். காலையும் மாலையும் சாமி கும்பிடும்போது மந்திரத்தோடு சேர்த்து அதையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். நீங்கள் போன பிறகு, "சரியாச் சொன்னேனா, முதலாளி?" என்று கேட்டார். நன்றாகச் சொன்னீர்கள் என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. சாப்பாடு குறைந்தது. கோவிலுக்குப் போய் இறந்தவர்கள் பெயரில் பிக்குகளுக்கு அன்னம் இட்டுவிட்டு வந்து மூலையில் உட்கார்ந்துகொள்வார். ஒரு நாள் கேட்டார்.

"முதலாளி, அந்தப் பதினாலு பேரோட பாவம் யாரச் சேரும்? பேர்ல இருக்கறவங்களையா, வெச்சிருக்கறவங்களையா?"

நான் யோசித்துத்தான் சொன்னேன்.

"பேர்ல இருக்கறவங்களத்தான் சேரும்னு நெனைக்கறேன் அக்கா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருந்ததாம். மேடம், மற்ற எதற்கும் நான் ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொள்வேன். இதற்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. குற்றம் தன்னுடையது என்று நம்புகிறவர் வாய் திறக்க மாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன். 

பிறகு புத்தாண்டு வந்தது. ஒவ்வொரு வருடமும் கம்பெனி ஆட்கள் வந்து என் கையில் மல்லிகைத் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்குவார்கள். இந்த வருடம் நீங்கள் ஊரில் இருக்கிறீர்கள் என்று தெரிந்ததால், துறைமுகத்தில் பந்தல் போட்டு, அக்காவுக்குப் பட்டுத்துணி கட்டி, நாற்காலியில் உட்கார வைத்தேன். ஆட்களுக்கும் சொல்லி வைத்தேன். நீங்களும் எல்லாரையும்போலப் பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு வாழ்த்துச் சொல்ல வந்தீர்கள். நான் ஓரமாக, விருந்தாளிகளோடு விருந்தாளியாக உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஒவ்வொருவராக வந்து மண்டியிட்டு அக்கா கையில் தண்ணீர் ஊற்றினார்கள். அக்கா கூசிப்போய், "போதும் போதும், நல்லா இருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி ஆளும் ஊற்றி முடித்தான்.

அப்போது அக்கா நாற்காலியிலிருந்து இறங்கினார். கிண்ணத்தில் தண்ணீர் மொண்டுகொண்டு நேராக என்னிடம் வந்து, என் காலடியில் மண்டியிட்டார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். வாடகைக்கு இடம் கொடுத்த ஒருவனிடம் மூத்தவர் ஒருவர் அப்படிச் செய்வதை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நானும் பார்த்ததில்லை. பழக்க தோஷம், வேறொன்றுமில்லை. அவர் அப்படிச் செய்யாமல் அவருக்குப் புத்தாண்டு பிறந்ததே இல்லை.

நான் சிரித்து மழுப்பியிருக்கலாம். எழுந்து அவரைத் தூக்கிவிட்டிருக்கலாம். ஆனால் அவர் கிண்ணத்தைத் தூக்கியதும் என் இரண்டு கைகளும் தாமாகவே முன்னால் நீண்டுவிட்டன. நீட்டிய கையைப் பின்னால் இழுக்க முடியவில்லை. புத்தாண்டும் அதுவுமாக யாரால் இழுக்க முடியும்?

"தெரிஞ்சோ தெரியாமலோ செஞ்சதப் பொறுத்துக்குங்க, முதலாளி," என்று சொல்லி ஊற்றினார்.

அது மட்டும் என்றால்கூடச் சமாளித்திருப்பேன். அவர் மண்டியிட்டதைப் பார்த்ததும் படகு ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கிண்ணங்களை மறுபடி நிரப்பிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, அவருக்குப் பின்னால் வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். முதலாளிக்கு ஊற்றாமல் வீட்டுக்குப் போக அவர்களுக்கு மனம் வரவில்லை.

கடைசியாக நீங்கள் வந்தீர்கள். என் கையில் கொஞ்சமாக ஊற்றிவிட்டு மெல்லக் கேட்டீர்கள்.

"தண்ணி ரொம்ப சில்லுன்னு இருக்கா, சார்?"

மறுநாளே நீங்கள் அக்காவைத் தனியாகப் பார்த்துப் பேசினீர்கள். உண்மையைச் சொன்னால் வழக்கிலிருந்து விடுபடலாம் என்றீர்கள். பேர் கொடுப்பதும் படகுத் தொழில் நடத்துவதும் ஒன்றல்ல என்று புரிய வைத்தீர்கள். வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிடமே கொட்டியிருப்பார்கள். அக்கா என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக்கு வந்து, எனக்குச் சோறு போட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து கேட்டார்.

"அந்தம்மா உண்மையச் சொல்லுங்கறாங்க, முதலாளி. சொல்லட்டுமா?"

அனுமதி கேட்டார், மேடம். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செத்தாலும் சொல்லியிருக்க மாட்டார். இப்போது அது எனக்கு நன்றாகத் தெரிகிறது. அன்று பயம் கண்ணை மறைத்துவிட்டது. இன்று கேட்கிறவர் நாளை கேட்காமலே சொல்லிவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

"தாராளமாச் சொல்லுங்க அக்கா. எனக்கும் பாரம் குறையும். ஆனா அதுக்கு முன்னாடி அவங்க செத்த எடத்துல பூ போட்டுட்டு வந்துடலாம்," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எவ்வளவு நல்ல மனசு என்றார்.

விடிந்ததும் மாலைகளும், இறந்தவர்களுக்கென்று வாழையிலையில் கட்டிய சோறும் எடுத்துக்கொண்டு சின்ன மரப்படகில் புறப்பட்டோம். பின்னால் நீளத் தண்டில் மோட்டார் தொங்குமே, அந்த மாதிரிப் படகு. நான்தான் ஓட்டினேன். கடல், தட்டில் ஊற்றிய எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. லைஃப் ஜாக்கெட்டுகள் முன்பலகையின் அடியில் இருந்தன. பயணிகளை ஏற்றும் முன் அவற்றை மாட்டிவிட வேண்டும் என்ற விதியை எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டி வைத்தவன் நான். அக்காவுக்கு நீச்சல் தெரியாது.

அந்த இடம் வந்ததும் அக்கா ஒவ்வொரு மாலையாகத் தண்ணீரில் வைத்தார். அந்தக் கிழவருக்கென்று ஒரு மாலையைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். அதை வைக்கும்போது நன்றாகக் குனிந்தார். நான் மோட்டார்த் தண்டைச் சட்டென்று திருப்பினேன்.

ஆமாம், திருப்பினேன். தற்செயலாக அல்ல. அவர் விழுவார் என்று தெரிந்து திருப்பினேன். அவர் கத்தவில்லை. ஒரு தடவை மேலே வந்தபோது என்னைத்தான் தேடினார். கோபமாகப் பார்க்கவில்லை. கைதவறிக் கணவாய் மை பட்டுவிட்ட அன்று பார்த்த மாதிரியே பார்த்தார், ஏதோ தொந்தரவு கொடுத்துவிட்டவர் போல. நான் மோட்டாரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். கடல் மறுபடி அசையாமல் ஆகும்வரை உட்கார்ந்திருந்தேன். அந்த முகத்தை என்னால் கழுவிவிட முடியவில்லை. கண்ணை மூடினாலும் இருக்கிறது, திறந்தாலும் இருக்கிறது.

குற்ற உணர்ச்சி தாங்காமல் குதித்துவிட்டார் என்று ஊருக்குச் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். பதினான்கு பேரைக் கொன்ற முதலாளி வேறென்ன செய்வாள் என்றார்கள். ஈமச்சடங்குச் செலவு முழுவதும் என்னுடையது. ஊரிலிருந்து வந்த அவருடைய தங்கை மகள் என் காலைத் தொட்டு நன்றி சொன்னாள்.

நீங்கள் மட்டும் நம்பவில்லை. கடலுக்குப் போவதற்கு முந்தின நாள், சாப்பிட்டுவிட்டு நான் கைகழுவப் போன இடைவெளியில் அக்கா உங்களுக்குப் போன் செய்திருக்கிறார். "முதலாளி சரின்னுட்டாரும்மா. நாளைக்கு வந்து எல்லாத்தையும் சொல்லிடறேன். இனிமே நிம்மதியாத் தூங்குவேன்" என்றாராம். நேற்று, பதிவாகியிருந்த அந்தக் குரலை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். இவ்வளவு சந்தோஷமாகப் பேசியவர் மறுநாள் குதிக்க மாட்டார் என்றீர்கள். அதற்குப் பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் குழம்பின் மேல் பழி போட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவுதான். கம்பெனி என்னுடையது. கூரை இருக்கை என்னுடைய யோசனை. கையெழுத்து என்னுடையது. அக்காவைக் கொன்றது நான். தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். குறைக்கச் சொல்லி யாரிடமும் கேட்க மாட்டேன்.

தட்டச்சு செய்ததை வாசித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியேதான் இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் திருத்தம் வேண்டும். 'சோம்போப்புக்குச் சொந்தமான மரப்படகில் ஏற்றிச் சென்று' என்று இருக்கிறது. அது பிழை. அந்தச் சின்னப் படகும் லமை அக்காவின் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. இத்தனை வருடம் படகுகளைப் பரிசோதித்தவன் நான், இந்த மாதிரி விஷயத்தில் பிழை வந்தால் எனக்குப் பொறுக்காது. என் பெயரில் உள்ள எந்தப் படகிலும் இதுவரை ஒருவர்கூடச் சாகவில்லை, மேடம்.